நெல் நீங்கிய பின் நிற்கும் களஞ்சியங்கள்

தமிழகத்தின் பழங்கட்டடங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் சார்ந்தது. அக்கோயில்களின் பூசைக்கும் அக்கோட்டைகளின் காவலுக்கும் ஆதாரமாக இருந்த நெல் எங்கே, எவ்வாறு, எவ்வளவு காலம் வைக்கப்பட்டிருந்தது என்னும் கேள்வி அந்நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களைக் கடத்துவதற்காக எழுப்பப்பட்ட கட்டடமே நெற்களஞ்சியம். உழவன் அளந்த குத்தகையும், அரசு பெற்ற வரியும், இறைவனுக்கு அமுதுபடியும், முற்றுகைக் காலத்துப் படையின் உணவும் அதன் வாசல் வழியாகவே சென்றன. சிற்பமோ கல்வெட்டோ பெரும்பாலும் இல்லாத இக்கட்டடங்கள் சுற்றுலாப் பயணியின் கண்ணில் படுவதில்லை என்பதில் வியப்பில்லை. ஆய்வாளர் கண்ணிலும் அதிகம் படவில்லை என்பதுதான் விளங்காத செய்தி.

இவ்வகைக் கட்டடங்களுள் தமிழகத்தில் முதலில் வைத்து எண்ணத்தக்கது, தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், தேவாரப் பாடல் பெற்ற பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் நிற்கும் செங்கற் களஞ்சியமாகும். இது தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் ஆண்ட காலத்தில், அதாவது 1600-க்கும் 1634-க்கும் இடையில், மூன்று தலைமுறை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதரின் மேற்பார்வையில் கட்டப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வட்டமான அடித்தளத்தின்மேல் சுவர் எழுந்து, மேலே செல்லச் செல்லக் குறுகிக் கூம்பாக முடிகிறது. உயரம் ஏறத்தாழ 35 அடி, சுற்றளவு ஏறத்தாழ 80 அடி, கொள்ளளவு 3,000 கலம் என்று கூறப்படுகிறது. கலம் என்பது பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவை. மரக்காலின் அளவே ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது என்பதால் இந்தக் கணக்கை இன்றைய டன்னாக மாற்றிச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். தஞ்சை வட்டாரத்தின் பிற்கால வழக்கப்படி இரண்டு கலம் ஒரு மூட்டை என்று கொண்டால், 1,500 மூட்டை நெல் இதனுள் அடங்கியிருக்கும்.

இந்த வடிவம் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஆழமான ஒரு கலனில் நீரை நிரப்பினால் அடித்தளத்தின் மீதான அழுத்தம் ஆழத்துக்கேற்பக் கூடிக்கொண்டே போகும். தானியத்தை நிரப்பினால் அவ்வாறு ஆவதில்லை, ஏனெனில் மணிகள் சுவரோடு உராய்ந்து தம் எடையில் ஒரு பகுதியைச் சுவரின் மீது ஏற்றிவிடுகின்றன. இவ்வுண்மையை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895-இல் கணித வாய்பாடாக வகுத்தார். காவிரிக் கரையின் கொத்தர்கள் அதை வாய்பாடு இன்றியே அறிந்திருந்தார்கள் என்று கொள்ளலாம். சதுரமான அறையில் நெல்லின் பக்க அழுத்தம் சுவரின் நடுப்பகுதியை வெளித்தள்ளி மூலைகளைப் பிளக்கும். வட்டச் சுவரில் அதே அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பகிரப்படும். செங்கல் நசுக்கும் விசையைத் தாங்கும் அளவுக்கு இழுக்கும் விசையைத் தாங்காது என்பதால் சுவர் தடிமனாக அமைகிறது. அத்தடிமனே பகல் வெப்பம் உள்ளே விரைந்து இறங்காதபடியும் தடுக்கிறது. வெவ்வேறு உயரங்களில் விடப்பட்ட திறப்புகள், நிரப்பும்போது கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அடைக்கவும், எடுக்கும்போது நெல்லின் மட்டம் இறங்க இறங்க ஒவ்வொன்றாகத் திறக்கவும் உதவின. கூம்பான முகடு மழைநீரைத் தேங்கவிடாமல் வழித்துவிடுவதோடு, குவித்த நெல் இயல்பாகக் கொள்ளும் அம்பார வடிவத்துக்கும் பொருந்துகிறது.

கோயில் வளாகத்துள் களஞ்சியம் நிற்பதற்கும் காரணம் உண்டு. இடைக்காலத் தமிழகத்தில் கோயில் என்பது வழிபாட்டிடமாக இருந்ததோடு பெரும் நிலவுடைமை நிறுவனமாகவும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டுகள், ஊர்கள் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய மரக்காலால் அளக்குமாறு விதிக்கின்றன. தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அந்த முகத்தலளவைக்கு அளவில் ஒருவரும் குறை வைக்க இயலாது என்னும் நம்பிக்கையும், குறைத்தால் கேட்க ஆள் உண்டு என்னும் எச்சரிக்கையும் அதில் கலந்திருந்தன. அவ்வாறு வந்த நெல் கோயில் பண்டாரத்தில், அதாவது பொருள் வைப்பறையில், சேர்ந்தது; பூசகர், இசைவாணர், தச்சர், காவலர் எனப் பலருக்கும் ஊதியமாக அங்கிருந்தே அளக்கப்பட்டது. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் கொட்டாரம் எனப்படும் களஞ்சியப் பகுதி இன்றும் உள்ளது. பெரும் உருளைகளாக அங்கே நிற்கும் செங்கற் களஞ்சியங்கள், ஒரு கோயில் எத்தனை வயல்களின் விளைச்சலைத் தன் மதிலுக்குள் ஈர்த்தது என்பதை எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. அக்கோயிலின் திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தபோது கோபுரங்களும் மண்டபங்களுமே பெரிதும் பேசப்பட்டன.

கோட்டையின் களஞ்சியம் வேறு தேவைக்கு உரியது. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில், இராசகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகில் நிற்கும் நெற்களஞ்சியம் வளைவுக் கூரையும் மிகத் தடித்த சுவர்களும் கொண்ட நீண்ட கட்டடம்.  மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டு நின்றபோது, மராட்டியர் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு மலையின் செங்குத்தும் பீரங்கியும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. சேமித்த தானியத்தையும் மலைமேல் உள்ள சுனைநீரையும் விட்டுவிட்டு அக்கதையைச் சொல்ல இயலாது. 2025 சூலையில் ‘இந்தியாவின் மராட்டியப் படைத்தள நிலவமைப்புகள்’ என்னும் தொகுதியில் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. கோட்டையோடு சேர்ந்து களஞ்சியமும் அம்மதிப்பைப் பெற்றுவிட்டது. தனியே நின்றிருந்தால் பெற்றிருக்குமா என்பது ஐயமே.

இவற்றோடு ஒப்பிடத்தக்க வட இந்தியச் சான்று பாட்னாவின் கோல்கர் ஆகும். 1770-இல் வங்காளத்தையும் பீகாரையும் அழித்த பஞ்சத்துக்குப் பின், கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் ஜான் கார்ஸ்டின் 1786-இல் கட்டி முடித்த அந்தக் குவிமாடம் 29 மீட்டர் உயரமுடையது; 1,40,000 டன் கொள்ளும் என்று கணிக்கப்பட்டது; மூட்டை சுமப்போர் ஏறி உச்சியில் கொட்டுவதற்கென வெளிப்புறத்தில் சுழன்றேறும் படிகள் உண்டு. அதன் கல்வெட்டில், முதலில் நிரப்பி மூடியவர் பெயரைப் பொறிப்பதற்காக விடப்பட்ட இடம் இன்றும் வெற்றிடமாகவே உள்ளது. ஏனெனில் கோல்கர் ஒருபோதும் முழுமையாக நிரப்பப்படவில்லை. திருப்பாலைத்துறைக் களஞ்சியம் இதில் மிகச் சிறு பங்கே கொள்ளும். ஆனால் அது தன்னைச் சுற்றியுள்ள வயல்களின் அளவுக்குக் கட்டப்பட்டது, கோல்கர் ஆட்சியாளரின் அச்சத்தின் அளவுக்குக் கட்டப்பட்டது. சேமிப்புக் கட்டடம் இருப்பதாலேயே பஞ்சம் தடுக்கப்படுவதில்லை என்பதற்குச் சென்னையும் சாட்சி: 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, 1877-இல் சென்னைக் கடற்கரையில் ஏற்றுமதிக்காக அடுக்கப்பட்டிருந்த தானிய மூட்டைகளின் ஒளிப்படம், பசியால் உருக்குலைந்த மனிதரின் ஒளிப்படங்களைப் போலவே அக்காலத்தின் ஆவணமாக எஞ்சியிருக்கிறது.

வீட்டுக்குள் இருந்த களஞ்சியம்

செங்கற் களஞ்சியங்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே; நெல்லின் பெரும்பகுதி வீடுகளிலேயே காக்கப்பட்டது. இம்மரபு மிகப் பழையது: சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, ஏணிக்கும் எட்டாத உயரமும் முகட்டைத் திறந்து இடப்பட்ட பழந்தானியமும் உடைய கூடுகள் நின்ற வீடுகளை வருணிக்கிறது. பிற்காலத்தில் இது வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு பொருளும் வடிவும் பெற்றது. மண்ணோடு வைக்கோலும் உமியும் குழைத்து உறை உறையாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்பை மண்ணால் பூசி, மேல்வாயை மூடிக் கட்டியது குதிர். தன் தந்தை குதிருக்குள் இல்லை என்று கேளாமலே சொல்லிக் காட்டிக்கொடுத்த பிள்ளையைப் பற்றிய பழமொழி, ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குதிர் பெரிது என்பதற்கும் சான்றாகிறது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி உள்ளும் புறமும் மண்ணும் சாணமும் மெழுகியது தொம்பை. தென்மாவட்டங்களில் வயிறு பெருத்த மண்கலமாக வனைந்து நிறுத்தியது குலுக்கை. விதைநெல்லை வைக்கோற்புரியால் இறுகச் சுற்றி உருண்டையாகக் கட்டியது கோட்டை.

இவை எல்லாவற்றிலும் தச்சுத் திறன் மிக்கது பத்தாயம். அடியற்ற நான்கு பக்கப் பலகைச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி எழுப்பப்படும் இம்மரக் களஞ்சியத்தில், நெல் ஏற ஏற அடுத்த அடுக்கு வைக்கப்படும். நெல் இறங்கியபின் அடுக்குகள் கழற்றப்படும். அடிப்பகுதியில், இழுத்துத் திறக்கும் சிறு பலகையுடைய துவாரம் இருக்கும். பழைய நெல் முதலில் வெளியேறும் ஒழுங்கு அதனால் தானாகவே அமைந்துவிடுகிறது. ஈரம் ஏறாதிருக்கவும் எலி அடியில் வளை தோண்டாதிருக்கவும் பத்தாயம் கால்களின்மேல் நிற்கும். அந்துப்பூச்சியை விலக்க நொச்சி, வேம்பு இலைகளை நெல்லோடு அடுக்குவதும், கொட்டுவதற்கு முன் நெல்லைப் பல்லில் கடித்து அதன் காய்ச்சலைப் பார்ப்பதும் இந்த ஏற்பாட்டின் பிரிக்க முடியாத பகுதிகள். நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்பட்டால் அம்பாரம் உள்ளே சூடேறிப் பூஞ்சை பற்றும் என்று இன்றைய ஆய்வகம் கூறுவதும், கடித்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும் என்று பெரியவர்கள் கூறியதும் ஒரே அளவுகோலின் இரு முகங்கள். சாவி யாரிடம் இருந்தது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது: வயலில் உழைத்தவர்களின் குடிசையில் இருந்தது சிறு குதிர், பத்தாயம் நிலமுடையவரின் கூடத்தில் நின்றது. மரபுக் களஞ்சியங்களைப் போற்றி எழுதுவோர் இந்த ஏற்றத்தாழ்வை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நெல் வெளியேறிய வரலாறு

இக்களஞ்சியங்கள் வெறுமையானது படையெடுப்பாலோ பஞ்சத்தாலோ அன்று. கொள்முதல் முறை மாறியதால்தான். தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு 1960-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14 அன்று, அதாவது பொங்கல் நாளில், தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாகி, நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் களத்துமேட்டின் அருகிலேயே வந்தன; நெல் வீட்டுக்கு வராமலே சாக்கில் ஏறியது. புதிய குறுகிய காலக் குறுவை வகைகள் மழைக்காலத்தில் அறுவடைக்கு வந்ததால் ஈரநெல் பெருகியது; அதை உலர்த்தும் வழி காண 1967-இல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வு மையமே வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது. காய்ந்த சம்பா நெல்லுக்காகவே வடிவமைக்கப்பட்ட குதிரும் பத்தாயமும் அந்த ஈரத்துக்கு ஈடுகொடுத்திருக்க மாட்டா என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சமயம், கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள் மழையில் நனைந்து முளைவிடும் செய்தி டெல்டா மாவட்டங்களில் ஆண்டுதோறும் திரும்ப வருவதைக் காணும்போது, பழைய கொத்தர்களைக் கேலி செய்யும் உரிமை இக்காலத்துக்கு இல்லை.

இராயப்பேட்டை காட்டும் பாடம்

பயன்பாடு போன கட்டடம் என்ன ஆகும் என்பதை அறிய நெல்வயல் வரை செல்ல வேண்டியதில்லை. சென்னை இராயப்பேட்டையும் அதன் சுற்றுப்புறமும் போதும். அங்குள்ள அமீர் மகால் 1798-இல் கம்பெனியின் அலுவலகக் கட்டடமாக எழுந்து, பின்னர் ராபர்ட் சிசோம் அதை மாளிகையாக மாற்றியமைக்க, 1876 முதல் ஆர்க்காடு இளவரசரின் இல்லமாக இருக்கிறது. புதிய குடியிருப்பு கிடைத்ததே அதன் ஆயுளாயிற்று. அண்ணா சாலையோரத்தில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு அத்தகைய பயன் கிடைக்கவில்லை. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றத்தை நாடியது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பதற்குத் தடை விதித்தது. தீர்ப்பு இடிப்பை நிறுத்தியதே ஒழிய, கட்டடத்துக்கு வேலை ஒன்றைத் தேடித் தரவில்லை. கவனிப்பாரின்றி அது சிதைந்து நின்றது.

சேமிப்புக் கட்டடத்துக்கே உரிய சான்று, இராயப்பேட்டைக்குக் கிழக்கே கடற்கரையை நோக்கிய ஐஸ் அவுஸ் ஆகும். அமெரிக்காவின் மாசச்சூசட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொணர்ந்து விற்ற பிரெடரிக் டூடரின் நிறுவனம் 1842-இல் அதைக் கட்டியது. உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரம் வந்ததும் வணிகம் படுத்தது. பின் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கித் தாழ்வாரங்கள் சேர்த்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் இளம் கைம்பெண்களின் இல்லமாயிற்று. இன்று விவேகானந்தர் இல்லமாகப் பேணப்படுகிறது. பனிக்கட்டிக் கிடங்கு என்ற நிலையிலேயே நின்றிருந்தால் அது எப்போதோ மறைந்திருக்கும். ஆனால் இந்த மீட்சிக்கு ஒரு விலை உண்டு: வெப்ப நாட்டில் பனிக்கட்டியை உருகாமல் காத்த அதன் உள்ளமைப்பு எவ்வாறு இயங்கியது என்பதை இன்று கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பவர் அறிய வழியில்லை. களஞ்சியங்களைப் பேணும்போதும் இதே சிக்கல் எழும். சுவரைக் காப்பாற்றி நெல்லின் வழியை மறந்துவிடுவது அரைப் பாதுகாப்பே.

சட்டத்தின் நிலையும் அரைகுறையானதே. 1966-ஆம் ஆண்டின் மாநிலத் தொல்லியல் சட்டத்தின் கீழ் திருப்பாலைத்துறைக் களஞ்சியம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கோயில், கோட்டை அல்லாத மரபுக் கட்டடங்களுக்கென மாநில மரபு ஆணையச் சட்டத்தைப் பேரவை 2012-இலேயே நிறைவேற்றியும், அது பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் இருந்தது. பத்தாயத்துக்கோ எந்தக் காவலும் இல்லை: நூறாண்டு கடந்த பொருள்களை வெளிநாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், வீட்டுக்காரர் தம் பத்தாயத்தைப் பிரித்துப் பலகையாக விற்பதைத் தடுக்கும் நோக்கமுடையதன்று. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தூண்களோடும் கதவுகளோடும் பத்தாயப் பலகைகளும் வந்து சேர்கின்றன; அங்கிருந்து அவை உணவக மேசைகளாகின்றன.

செங்கற் களஞ்சியங்களின் பழுதுபார்ப்பில் வழக்கமாக நேரும் தவறு சிமெண்டால் வருவது. சுண்ணாம்புச் சாந்தும் மெல்லிய பழஞ்செங்கலும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல் பொடியாக உதிரும். வெளியே வழவழப்பாகத் தோன்றும் சுவர் உள்ளே மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்பைக் கையாளத் தெரிந்த கொத்தர்கள் குறைந்துவருவதால், சரியான வழி நேரத்திலும் செலவிலும் கூடியதாகிறது. விரிசலில் வேரூன்றும் அரசும் ஆலும் அடுத்த பகை. தண்டை மட்டும் வெட்டி வேரை விட்டுவைத்தால் அடுத்த மழையில் இருமடங்காகக் கிளைக்கும்.

அயல்நாடுகளில் தானியக் கொட்டகைகளுக்குக் கிடைக்கும் மதிப்பு இங்கே எண்ணத்தக்கது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வொர்த் ஊரில், வின்செஸ்டர் கல்லூரியின் நிலவருவாய்க்காக 1420-களில் கட்டப்பட்ட ஓக் மரக் கொட்டகை, கவனிப்பின்றிச் சிதைந்துவந்த நிலையில், இங்கிலாந்தின் மரபுப் பாதுகாப்பு அமைப்பால் வாங்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, உள்ளூர் மக்களின் பொறுப்பில் பார்வைக்குத் திறக்கப்பட்டது. கல்வி நிறுவனத்தின் நிலத்துக்கு எழுந்த அக்கொட்டகைக்கும் கோயில் நிலத்துக்கு எழுந்த தஞ்சைக் களஞ்சியத்துக்கும் பிறப்புக் காரணம் ஒன்றே.

தமிழகத்தில் வீட்டுக் களஞ்சியத்தை அதன் இடத்தோடு காண விரும்பும் சென்னைவாசிக்கு அருகில் இருப்பது முட்டுக்காட்டின் தட்சிணசித்ரா. சென்னை கைவினை அறக்கட்டளை 1996-இல் திறந்த அவ்வளாகத்தில், பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பப்பட்ட கேரளத்துப் புதுப்பள்ளி வீட்டில் மரத்தாலான நெல்லறை வீட்டின் முகப்பிலேயே அமைந்திருக்கிறது. தானியத்தைச் சுற்றியே வீடு வகுக்கப்பட்டது என்பதை அங்கே நின்று புரிந்துகொள்ளலாம். ஆனால் அருங்காட்சியகம் சில வீடுகளையே ஏற்க முடியும். டெல்டாவிலும் செட்டிநாட்டிலும் நெல்லையிலும் எஞ்சியுள்ள பத்தாயங்களையும் குதிர்களையும் குலுக்கைகளையும், அளவு, மரம், இணைப்பு முறை, கையாண்டவர் நினைவு ஆகியவற்றோடு பதிவு செய்யும் கணக்கெடுப்பே முதலில் வேண்டுவது. நெல் செயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவின் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகள் உழவர் கைக்குத் திரும்பின. விதைக்குக் கிடைத்த அந்த அக்கறை விதையை வைத்திருந்த கலத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

விதிவிலக்காக நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சொல்லலாம். சென்னை தரமணியில் இயங்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மலைவாழ் மக்களோடு சேர்ந்து ஊர்தோறும் விதை, தானிய வங்கிகளை அமைத்தபோது, புதிதாகத் தகரக் கொட்டகை போடாமல் அம்மக்களின் தொம்பையையே சேமிப்புக் கலமாகக் கொண்டது. உறுப்பினர் கடனாகப் பெற்ற சாமை, தினை விதையை அறுவடைக்குப் பின் சற்றுக் கூடுதலாகத் திருப்பி அளப்பர். மெழுகு உதிரும் இடத்தில் மீண்டும் மண்ணும் சாணமும் பூசுவர். பூசும் வேலையை அறிந்த கைகள் அதனால் இன்னும் ஊரிலேயே இருக்கின்றன.